மீன் தொட்டியிலிருந்து வந்த எண்கள்

ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஏழு என்பார்கள். நீங்களும் ஏழு என்றுதான் சொன்னீர்கள், சார். அதற்காகச் சங்கடப்பட வேண்டாம். வாசலில் நிற்கும் காவலரும் ஏழு என்றார். தட்டச்சு செய்யும் மேடம் மட்டும் கொஞ்சம் யோசித்து மூன்று என்றார். யோசிப்பவர்கள் எல்லாரும் மூன்றுதான் சொல்வார்கள். மனிதர்களிடம் போய்த் தற்செயலாக ஒரு எண் கேட்பது எச்சில் தம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது மாதிரி. யார் யார் வாயோ ஏற்கெனவே அதில் பட்டிருக்கும்.

நான் எதற்கும் முகம் சுளிக்கிற ஆள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். கல்லூரி விடுதியில் குளியலறை வடிகாலை அடைத்துக் கிடந்த முடிக்கு ஒரு பாராட்டு மடல் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். "இந்த விடுதியை விட்டு என்றும் நீங்காத ஒரே மூத்த மாணவருக்கு" என்று ஆரம்பிக்கும். எல்லாரும் சிரித்தார்கள். முடியை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வேலைக்கு வருகிறேன். எங்கள் அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடி. நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளின் முழங்கால் யார் வயிற்றிலாவது இடிக்கும். முதலாளி, கணக்குப் பார்க்கும் அவருடைய மச்சான், நாங்கள் எழுதும் மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கும் அக்கா, நான். அந்த அக்காவுக்குக் குறை அக்கா என்று பெயர். எனக்கு லாட்டரி என்று பெயர். படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். இல்லத்தில் அவ்வப்போது ஓர் இடம் காலியாகும். எப்படிக் காலியாகும் என்று விளக்க வேண்டியதில்லை. காத்திருப்பவர்கள் நூற்றுக்கணக்கில். சிபாரிசுத் தொல்லை வேண்டாம் என்று, யாருக்கு இடம் என்பதைக் குலுக்கலில் விட்டுவிட்டார்கள். அந்தக் குலுக்கல்தான் எங்கள் மென்பொருள்.

இதில் ஒரு சங்கடம். கம்ப்யூட்டருக்குக் குலுக்கத் தெரியாது, கணக்குப் போடத்தான் தெரியும். ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதை வைத்துக் கலைந்து கிடப்பது போன்ற ஒரு வரிசையைத் தரும். அதே தொடக்க எண்ணை மறுபடி கொடுத்தால் அச்சுப் பிசகாமல் அதே வரிசை வரும். எங்கள் மென்பொருள் பொத்தானை அழுத்தும் நேரத்தையே தொடக்க எண்ணாக எடுத்துக்கொண்டது. முதலாளி டீ குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்து அதையும் விழுங்கிவிட்டு, சரியாகப் பதினொரு மணிக்குப் பொத்தானை அழுத்துவார். வருடக்கணக்காக அப்படித்தான். யாரோ ஒருவர் வீட்டு மருமகன் இதைக் கண்டுபிடித்து, எந்த எண்ணில் விண்ணப்பம் விழுந்தால் இடம் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, தன் மாமியாரைச் சேர்த்துவிட்டார். மாமியாருக்காக ஒரு மருமகன் இவ்வளவு பாடுபட்டதைப் பார்த்த பிறகுதான் இல்லத்தாருக்குச் சந்தேகமே வந்தது.

"டேய் லாட்டரி, நிஜமான குலுக்கல் வேணும்டா. கணக்கே இல்லாத நம்பர். எங்கேர்ந்தாவது கொண்டு வா" என்றார் முதலாளி.

"எங்கேர்ந்து சார்?"

"அது தெரிஞ்சா உன்னை எதுக்கு வச்சிருக்கேன்?"

தேடினேன். முதலில் ரேடியோ. இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தினால் வரும் இரைச்சலில் கணக்கு இருக்காது என்பார்கள். எங்களுக்குக் கீழே பல் டாக்டரின் துளைக்கும் கருவி ஓடும்போதெல்லாம் அந்த இரைச்சலில் ஓர் ஒழுங்கு வந்தது. யாருடைய கடைவாய்ப் பல்லோ இல்லத்தில் யாருக்கு இடம் என்று தீர்மானிக்கப் பார்த்தது. விட்டுவிட்டேன். அடுத்தது, அலுவலகத்தில் எல்லாரும் தட்டச்சு செய்யும் வேகம். மச்சான் ஒற்றை விரலால் கொத்துவார், நடுநடுவே அந்த விரலையே நக்கிக்கொள்வார். அளந்து பார்த்தேன். நக்குவதற்கும் கூட அவருக்கு ஒரு சீரான இடைவெளி இருந்தது. பிறகு, டீ போடும் மூலையிலிருந்து கரப்பான்பூச்சிகளைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, அவை ஓடுவதைக் கேமராவில் பிடித்தேன். கொஞ்ச நேரம் ஓடின. அப்புறம் எல்லாம் ஒரு மூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. எங்கள் அலுவலகம் மாதிரியே.

அந்தக் கேமராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெட்டிக்கு மேல் பொருத்துவதற்கு முன்னால், கேமராவின் கண்ணாடி மூடியைக் கழற்றாமலே ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். எதிரில் எதுவுமே இல்லாதபோது கருவி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். பார்த்தேன். அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

வீட்டில் நானும் சித்தப்பாவும்தான். சித்தப்பா சலவைக்கடை வைத்திருந்தவர். சட்டையில் கறையோடு தெருவில் யாராவது போனால் கூப்பிட்டு நிறுத்துவார். தெரியாதவராக இருந்தாலும் சரி. என்னை வளர்த்தவர் அவர்தான். சின்ன வயதில் எனக்கு வாந்தி வந்தால், தரையில் சிந்தாமல் இருக்க, இரண்டு கைகளையும் குவித்து என் வாய்க்குக் கீழே நீட்டுவார். சூடாக அவர் கையில் விழும். ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து என் முதுகைத் தடவுவார். கையைக் கழுவிவிட்டுத்தான். இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

பக்கவாதம் வந்ததில் சித்தப்பாவிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, தூக்கம் வந்தாலும் சரி. சித்தி உயிரோடு இருந்தவரை அவர்தான் பார்த்துக்கொண்டார். சித்தி போன பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஒரு நர்ஸ் வந்தார். நர்ஸக்கா சுற்றி வளைத்துப் பேசமாட்டார், என் முகத்துக்கு நேராகத்தான் பேசுவார்.

"தம்பி, முதுகுல புண்ணு ஆரம்பிச்சிருக்கு. தினமும் துடைச்சு மருந்து வைக்கணும். ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும். நான் இல்லாத நாள்ல நீங்கதான் பண்ணணும்."

"பண்றேன்க்கா."

"வாய் பண்றேங்குது. மூக்கு வேற பக்கம் திரும்பிக்கிட்டு நிக்குது."

ஒரு நாள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போக வேண்டும் என்று நினைத்தபடி. சித்தப்பா ஒருக்களித்துக் கிடந்தார். நர்ஸக்கா வைத்த துணி நழுவியிருந்தது. அங்கே ஈக்கள். ஒன்று எழும், சுற்றும், இன்னோர் இடத்தில் இறங்கும். இரண்டு சேர்ந்து எழும். ஒன்று எழுவது போலக் காட்டிவிட்டு எழாது. அடுத்து எது, எங்கே, எப்போது என்று மனதுக்குள் ஊகித்துப் பார்த்தேன். ஒரு முறை கூடச் சரியாக வரவில்லை. அருவருப்பு தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய பிறகுதான் இது பயன்படும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் அருவருப்பு கொஞ்சம் குறைந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அதன் பிறகு அது புண் இல்லை, ஆராய்ச்சி.

அனுமதி வாங்கிக்கொண்டுதான் செய்தேன்.

"சித்தப்பா, இங்க ஒரு கேமரா வைக்கட்டுமா?"

"சரி."

"ஜன்னலைத் திறந்து வைக்கட்டுமா?"

"சரி."

"நர்ஸக்காவை இனிமே வர வேண்டாம்னு சொல்லிடறேன். அவங்க வந்தா ஈ எல்லாம் கலைஞ்சுடுது."

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "சரி" என்றார்.

இதற்குச் சம்மதம் என்று பெயர். வேறு பெயர் இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கட்டிலுக்கு மேலே அதே கேமராவைப் பொருத்தினேன். ஈக்கள் இடம் மாறுவதை எண்களாக்கி அலுவலகத்துக்கு அனுப்பும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன். குறை அக்கா அந்த எண்களை வைத்துக்கொண்டு பாடாய்ப் படுத்தினார். கூட்டினார், கலைத்தார், திரும்பத் திரும்ப வருவது ஏதாவது இருக்கிறதா என்று துருவினார்.

"லாட்டரி, குறையே இல்லடா. எனக்கே ஒரு மாதிரி இருக்கு. எங்கேர்ந்துடா வருது?"

"மீன் தொட்டிக்கா. வீட்ல வச்சிருக்கேன். மீன் நீந்தறதைக் கேமரா பார்த்துக்கிட்டே இருக்கும்."

"அடப்பாவி, சொல்லவே இல்ல. என்ன மீன்?"

"கறுப்பு. சின்னதா இருக்கும். நிறைய இருக்கு."

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா வைக்கறியா?"

"அதுக்குக் குறையே இல்லக்கா."

இல்லத்தார் வந்தபோது முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "எங்க நம்பர் மனுஷன் கையே படாத நம்பர்." அது உண்மை. அந்த அறையில் மனிதக் கை பட்டு நிறைய நாளாகியிருந்தது. சாப்பாட்டைக் கூழாக அரைத்து, ஒரு கரண்டியைக் குச்சியில் கட்டி, எட்ட நின்று ஊட்டினேன். கரண்டி அவர் பல்லில் இடிக்கும் சத்தம் எனக்குப் பிடிக்காது. அதனால் காதில் பாட்டு வைத்துக்கொள்வேன். கீழே விரித்திருந்த ரப்பர் விரிப்பைக் கால் கட்டைவிரலால் இழுத்து மாற்றக் கற்றுக்கொண்டேன். நல்ல பயிற்சி வேண்டும் அதற்கு.

பிறகு ஈக்களின் அடுத்த தலைமுறையும் வந்து சேர்ந்தது. வெள்ளையாக. அதை விவரிக்கச் சொல்லாதீர்கள், மேடம் இன்னும் சாப்பிடவில்லை. அவை நெளிவதும் எண்களில் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டேன். ஈக்கள் கேமராவையும் விடவில்லை. அதன் கண்ணாடியில் உட்கார்ந்து உட்கார்ந்து பொட்டுப் பொட்டாக அசிங்கம் பண்ணிவைத்தன. அதைத் துடைக்க வேண்டுமென்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எண்கள் வந்துகொண்டுதான் இருந்தன. விட்டுவிட்டேன்.

இப்போது குலுக்கலுக்கு வருகிறேன். நீங்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான்.

சித்தி உயிரோடு இருந்தபோது சித்தப்பாவுக்காகவும் இல்லத்தில் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தார். மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த எண் இருந்தது. அன்றைக்கு ஒரே ஓர் இடம் காலி. முதலாளி டீ குடித்தார், கொப்பளித்து விழுங்கினார், பொத்தானை அழுத்தினார். முடிவு முதலில் என் திரைக்குத்தான் வரும், நான் சரிபார்த்த பிறகே மற்றவர்களுக்குத் தெரியும். வந்தது சித்தப்பாவின் எண்.

யோசித்துப் பாருங்கள், சார். அந்த அறையிலிருந்து கிளம்பிய எண்கள் அத்தனை பேரைத் தாண்டிப் போய் அவரையே பிடித்துக்கொண்டு வந்து நிற்கின்றன. யாராவது நம்புவார்களா? வேலை பார்க்கும் பையனின் சித்தப்பாவுக்கே இடம் என்றால் ஊர் சிரிக்காதா? குலுக்கலின் நேர்மையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்படித்தான் நினைத்தேன். மறுநாளே இல்லத்திலிருந்து வண்டி வரும், இரண்டு ஆட்கள் வருவார்கள், தூக்குவதற்கு முன்னால் அவரைப் புரட்டுவார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது.

"சார், நடுவுல லைன் கட்டாயிடுச்சு. இன்னொரு தரம் அழுத்துங்க."

"என்னடா, மீன் தூங்கிடுச்சா?" என்றார் முதலாளி. அழுத்தினார். ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர் அம்மா ஒருவருக்கு இடம் கிடைத்தது. அவர் அங்கே நன்றாக இருக்கிறாராம். விசாரித்தேன்.

சாயங்காலம் வாசலில் நின்று சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு ஒளிவுமறைவு பிடிக்காது.

"உங்க நம்பர் வந்துச்சு சித்தப்பா. நான்தான் வேண்டாம்னுட்டேன். நம்மளே எடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

"சரி" என்றார்.

அந்தச் சொல்லைப் பற்றி நான் முழுதாகச் சொல்லவில்லை. சித்தி சமையலறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். இழுத்துச் சொன்னால் தண்ணீர். இரண்டு முறை சொன்னால் வெளிச்சம் கண்ணில் படுகிறது. வெட்டிச் சொன்னால் வலி. தாழ்ந்த குரலில் சொன்னால் மட்டும்தான் நிஜமாகவே சரி. எனக்கும் தெரியும். நானும் அந்த வீட்டில்தானே வளர்ந்தேன். அன்றைக்கு அவர் வெட்டிச் சொன்னார். கேமரா வைக்கலாமா என்று கேட்ட நாளிலிருந்தே வெட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு விடுமுறை நாளில் குறை அக்கா வந்து நின்றார். கையில் மீன் தீனிப் பொட்டலம்.

"இந்தப் பக்கமா வந்தேன்டா. உன் மீனை ஒரு தரம் பார்த்துட்டுப் போயிடறேன்."

"அதுங்க தூங்குதுக்கா."

"மீன் தூங்குதாம். நகருடா. என்ன நாத்தம் இது, தொட்டியில தண்ணி மாத்தறதே இல்லையா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சரி." பிறகு மறுபடியும். பிறகு நிறுத்தாமல். எல்லாம் வெட்டி வெட்டி. அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். முழங்கைவரை சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார்.

"வெந்நீர் கொண்டு வா."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"வெந்நீர்டா. காதுல விழலையா?"

வாசலிலிருந்தே கிருமிநாசினிப் புட்டியை உருட்டிவிட்டேன். அக்கா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிவிட்டு, குடத்துத் தண்ணீரில் தன் துப்பட்டாவை நனைத்து, "ஒண்ணுமில்லப்பா, இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்றபடி வெறுங்கையால் அவரைப் புரட்டினார். வெறுங்கையால். அதைப் பார்த்ததும் எனக்கு வாந்தி வந்தது. வாசற்படியிலேயே எடுத்தேன். யாரும் கையை நீட்டவில்லை.

மருத்துவமனையில் சித்தப்பா அதிக நாள் இருக்கவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். கடைசியில் அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை "சரி" என்றாராம். எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். தாழ்ந்த குரலில் என்றார் அக்கா. அதன் அர்த்தம் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

நேற்று உங்கள் நிபுணர் ஒரு செய்தியோடு வந்தார். என்னை உடைத்துவிடலாம் என்று நினைத்து வந்தவர் போலிருந்தது, பாவம். கேமராக் கண்ணாடி முழுக்க ஈயின் அசிங்கம் அப்பிக் கிடந்ததாம். எத்தனையோ நாட்களாக அது சித்தப்பாவையும் பார்க்கவில்லை, ஈயையும் பார்க்கவில்லை, வெறும் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாம். இருட்டிலும் கேமராவுக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ மினுங்கிக்கொண்டே இருக்குமாம். கருவியின் சூட்டினால் தானாக வருவது, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. குலுக்கலுக்குப் போன நல்ல எண்களெல்லாம் அந்த மினுங்கலிலிருந்து வந்தவையாம். "புண்ணுக்கும் நம்பருக்கும் சம்பந்தமே இல்லப்பா" என்றார்.

தெரியும், சார். மூடியைக் கழற்றாமல் ஓட்டிப் பார்த்தேன் என்றேனே, அன்றைக்கே தெரியும். அன்று வந்த எண்களிலும் ஒரு குறை இல்லை. கேமராவை மூடியோடு ஒரு மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டியிருந்தால் போதும், வேலை முடிந்தது. ஈ வேண்டியதில்லை, ஜன்னலைத் திறக்க வேண்டியதில்லை, நர்ஸக்காவை நிறுத்த வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் என்று கேட்கிறீர்கள். மருந்து அலமாரியில் இருந்தது. கையுறை ஒரு பெட்டி நிறைய இருந்தது, பிரிக்காமல். துடைத்து, மருந்து வைத்து, புரட்டிப் படுக்க வைக்க அரை மணி நேரம் கூட ஆகாது. ஆராய்ச்சி என்று ஒன்று இல்லாமல் போயிருந்தால் அதை நான் தினமும் செய்தாக வேண்டியிருக்கும். செய்யாமல் விட்டதைத்தான் கொலை என்று எழுதுகிறீர்கள் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

மேடத்தைப் பாருங்கள், வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கமே திரும்ப மாட்டேன் என்கிறார். கேட்கும்போதே அவருக்கு இப்படி இருக்கிறதென்றால், கூடவே இருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்.